பழைய காருக்கு உரிய பிறேக்கு

யானையை நடக்கச் செய்வது எளிது. நிற்கச் செய்வதே பாகனுடைய வித்தை. மோட்டார் வண்டிக்கும் இவ்வுண்மை பொருந்தும். எஞ்சின் பழுதுற்றால் வண்டி புறப்படாது. அதனால் நேரும் நட்டம் ஒரு நாட் பயணமே. பிறேக்குப் பழுதுற்றாலோ வண்டி நில்லாது. அதனால் நேரும் நட்டம் ஓர் உயிராகவும் இருத்தல் கூடும். இருந்தும், பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் தேடி வாங்கிப் புதுப்பிப்போரிற் பலர் வெளிப்பூச்சுக்கும் தோல் ஆசனத்துக்கும் செலுத்தும் கவனத்திற் பாதியையேனும் பிறேக்குக்குச் செலுத்துவதில்லை. பூச்சுக் கண்ணுக்குத் தெரிகிறது. பிறேக்கோ சில்லுக்குள் மறைந்து கிடக்கிறது.

ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் செய்த வண்டிக்குப் பிறேக்கு உறுப்புத் தேடுவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்கும் கேள்வி, “இது என் வண்டிக்குப் பொருந்துமா?” என்பதே. கேள்வி நியாயமானது, ஆனால் அது போதாது. பொருந்தாத உறுப்பு அபாயமற்றது. அதனைப் பூட்டவே முடியாதாதலின் அது கடைக்குத் திரும்பிவிடும். பொருந்தியும் உரியதல்லாத உறுப்பே அபாயமானது. அது இடத்தில் இனிதாக அமர்ந்துகொள்ளும். வண்டியும் சில நாள் ஓடும். பின் ஒரு நாள், மிகத் தேவையான வேளையிற் கைவிடும். ஆகவே பொருந்துவது எது, உரியது எது என்று பிரித்தறிவதே இத்தேடலின் சாரமாகும். எம். ஜி. ஏ. என்னும் ஆங்கில நாட்டுக் காரை உதாரணமாகக் கொண்டு இதனை விளங்கிக்கொள்ளலாம்.

எம். ஜி. என்பது மொறிஸ் கராஜஸ் என்னும் பெயரின் முதலெழுத்துகள். இங்கிலாந்தில் அபிங்டன் என்னும் ஊரிலிருந்த அதன் தொழிற்சாலையில் 1955 ஆம் ஆண்டு முதல் 1962 ஆம் ஆண்டு வரை எம். ஜி. ஏ. கார்கள் செய்யப்பட்டன. மொத்தம் 1 இலட்சத்துக்குச் சற்று மேல். அவற்றுட் பெரும்பாலானவை பிற நாடுகளுக்கு, சிறப்பாக அமெரிக்காவுக்குக் கப்பலேறின. அத்தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது. கார்களோ இன்றும் பல நாடுகளிற் பேணப்பட்டு ஓடுகின்றன. செய்தவர் இல்லை, செய்யப்பட்டது இருக்கிறது என்னும் இந்நிலையிலேதான் உறுப்புத் தேடும் சிக்கல் தோன்றுகிறது.

அச்சிக்கலை அறியுமுன் பிறேக்கு எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறிதல் வேண்டும். மூடிய பாத்திரத்தில் அடைபட்ட திரவத்தின் ஓரிடத்தில் அமுக்கத்தைப் பிரயோகித்தால் அவ்வமுக்கம் திரவமெங்கும் சமமாகப் பரவும். இது 17 ஆம் நூற்றாண்டிற் பஸ்கால் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட விதி. சாரதி மிதியை அழுத்தும்போது மாஸ்டர் சிலிண்டர் எனப்படும் தலைமைக் குழலினுள்ளே பிஸ்டன் முன்னே தள்ளப்படுகிறது. அங்கெழும் அமுக்கம் மெல்லிய குழாய்களின் வழியே நான்கு சில்லுகளையும் அடைகிறது. அங்குள்ள சிறு பிஸ்டன்கள் உராயும் பட்டைகளைச் சில்லோடு சுழலும் இரும்பின்மேல் அழுத்த, வண்டி வேகந் தணிந்து நிற்கிறது.

எம். ஜி. ஏ. காரில் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே சுற்றாக அமைந்தது. எங்கேனும் ஓரிடத்தில் ஓர் இரப்பர் வளையம் கிழிந்து திரவம் வெளியேறினால் நான்கு சில்லுகளிலும் பிறேக்கு ஒருங்கே இல்லாது போகும். எஞ்சியிருப்பது பின்சில்லுகளைக் கம்பியாற் பிடிக்கும் கைப்பிறேக்கு ஒன்றே. ஒரு சுற்றுக் கெட்டாலும் மறு சுற்று உதவும் இரட்டைச் சுற்று அமைப்பை, 1968 சனவரி முதலாந் திகதி முதல் அமெரிக்க அரசு புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கிற்று. அதற்கு முன் பிறந்த எம். ஜி. ஏ. காருக்கு அந்தக் காப்பு இல்லை. ஆதலால் அதிலுள்ள ஒவ்வொரு சிறு வளையமும் முழு வண்டியின் பொறுப்பையும் சுமந்து நிற்கிறது.

எம். ஜி. ஏ. செய்யப்பட்ட ஏழு ஆண்டுகளும் பிறேக்குத் தொழிலில் மாற்றம் நிகழ்ந்த காலமாகும். அதற்கு முன் பெரும்பாலான கார்களில் இருந்தது டிறம் பிறேக்கு. மேளம் போன்ற இரும்புக் கூட்டினுள்ளே, சூ எனப்படும் இரு வளைந்த பட்டைகள் விரிந்து உள்விளிம்பை அழுத்தும். மலையிறக்கத்தில் மீண்டும் மீண்டும் அழுத்தும்போது டிறம் வெப்பத்தால் விரிந்து பட்டையை விட்டு அகலும்; பட்டையின் பிடியுந் தளரும். டிஸ்க் பிறேக்கிலோ சுழலும் தட்டொன்றை இரு புறமுமிருந்து பாட் எனப்படும் பட்டைகள் இறுகப் பற்றும். தட்டுத் திறந்த வெளியில் இருப்பதால் வெப்பம் விரைவில் நீங்கும். இத்தகைய பிறேக்குக்கு லங்கெஸ்டர் என்னும் ஆங்கிலப் பொறியியலாளர் 1902 ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார். எனினும் 1953 இல் டன்லொப் டிஸ்க் பிறேக்குப் பூட்டிய ஜாகுவார் கார் பிரான்சு நாட்டின் லெமான் ஓட்டப் பந்தயத்தில் வென்ற பின்னரே அதன் பெருமை எங்கும் பரவிற்று.

இம்மாற்றத்தின் சுவடு எம். ஜி. ஏ. கார்களிற் பதிந்திருக்கிறது. 1955 இல் வந்த முதல் வகையில் நான்கு சில்லுகளிலும் 10 அங்குல டிறம் இருந்தது. 1958 இல் வந்த டுவின் காம் வகையில் நான்கு சில்லுகளிலும் டன்லொப் டிஸ்க் இருந்தது. அவ்வகையில் 2,111 கார்களே செய்யப்பட்டன. 1959 இல் வந்த 1600 வகையில் முன்னே 11 அங்குல லொக்கீட் டிஸ்க், பின்னே டிறம். இவை தவிர, டுவின் காம் வகைக்கென வைத்திருந்த அடிச்சட்டத்தையும் பிறேக்கையும் பெற்று, எஞ்சினில் மட்டும் சாதாரணமான 1600 ஆக, டீலக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தவை சில நூறு. ஆகவே “எம். ஜி. ஏ. காருக்குப் பிறேக்குப் பாட் வேண்டும்” என்று கேட்பவர் இன்னும் கேள்வியையே முடிக்கவில்லை. எந்த எம். ஜி. ஏ. என்பதே அடுத்து எழும் வினா.

இவ்வினாவுக்கு முதல் விடை தருவது வண்டியின் இலக்கத் தகடு. 1600 வகையில் திறந்த காரின் இலக்கத்துக்கு முன் ஜீ, எச், என் என்னும் மூன்று எழுத்துகள் இருக்கும். ஜீ என்பது எம். ஜி. என்னும் குலத்தையும், எச் என்பது 1400 முதல் 1999 கன சென்ரிமீற்றர் வரையான எஞ்சினையும், என் என்பது இருவர் அமரும் திறந்த வண்டியையும் குறிக்கும். இவ்வகையின் இலக்கம் 68851 இலிருந்து தொடங்குகிறது. டுவின் காம் வகையின் இலக்கமோ வை என்னும் எழுத்தோடு தொடங்கும். இவ்வளவும் அறிந்தவர், இனி ஐயமில்லை என்று எண்ணக்கூடும். ஆனால் மேலே கூறிய டீலக்ஸ் கார்களுக்குத் தனியான எழுத்து எதுவும் இல்லை. சாதாரண 1600 காரின் வரிசையிலேயே அவையும் இலக்கம் பெற்றன. தகட்டை மட்டும் நம்பியவர் டன்லொப் பிறேக்குக்கு லொக்கீட் உறுப்பை வாங்கி வந்து நிற்பார்.

அத்தகையோருக்கு உதவுவது தொழிற்சாலையின் பழைய பதிவேடு. இங்கிலாந்தில் கேடன் என்னும் இடத்திலுள்ள பிரித்தானிய மோட்டார் நூதனசாலை இப்பதிவேடுகளைப் பேணி வருகிறது. வண்டியின் இலக்கத்தைக் கொடுத்துக் கட்டணஞ் செலுத்தினால், அது எந்நாளிற் செய்யப்பட்டது, எந்த நாட்டுக்குச் சென்றது, என்ன நிறம் பெற்றிருந்தது என்பன போன்ற விவரங்கள் அடங்கிய அத்தாட்சிப் பத்திரம் கிடைக்கும். அது அக்காரின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எனலாம்.

எனினும் பிறப்புச் சாட்சிப் பத்திரம் ஒருவரின் இன்றைய உடல்நிலையைக் கூறுவதில்லை. அறுபது ஆண்டுகளிற் கார் பல கைகள் மாறியிருக்கும். டிறம் பிறேக்கோடு பிறந்த காருக்கு, பின்னர் வந்த 1600 வகையிலிருந்தோ 1962 இல் வந்த எம். ஜி. பி. காரிலிருந்தோ டிஸ்க் பிறேக்கை எடுத்துப் பூட்டியவர் பலர். ஆகவே பதிவேடு கூறுவது ஒன்றாகவும் சில்லுக்குள் இருப்பது வேறொன்றாகவும் இருத்தல் கூடும். பத்திரத்தைப் படித்தபின் சில்லைக் கழற்றியும் பார்த்தல் வேண்டும். இரண்டும் ஒத்தால் நன்று. ஒவ்வாவிடின், வாங்க வேண்டியது கண்முன் இருக்கும் பிறேக்குக்கு உரிய உறுப்பையே.

பார்த்தபின் செய்யத்தக்கது அளத்தல். மாஸ்டர் சிலிண்டர்களிற் பல வெளித்தோற்றத்தில் உடன்பிறந்தோர் போல இருக்கும். வேறுபாடு உட்துளையின் விட்டத்தில் மறைந்திருக்கும். முக்கால் அங்குலத் துளையுள்ள சிலிண்டருக்குப் பதிலாக எட்டில் ஏழு அங்குலத் துளையுள்ளதைப் பூட்டியதாகக் கொள்வோர் எண்ணிப் பார்க்கலாம். வேறுபாடு அரைக்கால் அங்குலமே. ஆனால் அமுக்கத்தைத் தீர்மானிப்பது விட்டமன்று, பரப்பு. பரப்பு ஏறத்தாழ 36 சதவீதம் கூடிவிடுகிறது. எனவே முன் பெற்ற அதே அமுக்கத்தைப் பெறச் சாரதி 36 சதவீதம் கூடுதலான விசையோடு மிதிக்க வேண்டும். மிதி உறுதியாக இருப்பதாகத் தோன்றும். பிறேக்குத் திருந்திவிட்டதென உரிமையாளர் மகிழ்வார். சிறுவன் ஒருவன் வீதியைக் குறுக்கறுக்கும் வேளையிலேதான், வண்டி முன்போல நிற்கவில்லை என்பது தெரியவரும்.

இன்னொரு வேறுபாடு அளவுகோலுக்கும் அகப்படாதது. டிறம் பிறேக்குக்கென்று செய்த பழைய மாஸ்டர் சிலிண்டர்கள் பலவற்றின் உள்ளே ஒரு சிறு வால்வு உண்டு. மிதியை விட்டபின்னும் குழாய்களிற் சிறிதளவு அமுக்கத்தை அது நிறுத்தி வைக்கும். டிறம் பிறேக்குக்கு அது நன்மை. இரப்பர்க் கிண்ணங்களின் விளிம்பு விரிந்திருந்து கசிவைத் தடுக்கும். டிஸ்க் பிறேக்குக்கு அதுவே தீமை. பாட் தட்டைவிட்டு விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும், பிறேக்குச் சூடேறும். முன்சில்லுக்கு டிஸ்க் பூட்டி, பழைய சிலிண்டரை அவ்வாறே விட்டவர்கள் காரணந் தெரியாது இடர்ப்பட்டது இதனாலேயாம். டிறமுக்கு மருந்தாவது டிஸ்க்குக்கு நஞ்சாகிறது.

திருகாணிப் புரிகளிலும் இத்தகைய பொறியொன்று உண்டு. இரண்டாம் உலக யுத்தத்தின் பின் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 1948 இல் ஒரு பொதுப் புரிமுறையை ஏற்றுக்கொண்டன. அம்முறையில் எட்டில் மூன்று அங்குல விட்டமும் அங்குலத்துக்கு 24 புரிகளும் உடைய குழாய்த் திருகாணி அக்கால ஆங்கிலக் கார்களிற் பெருவழக்காயிற்று. அதன் விட்டம் 9.525 மில்லிமீற்றர். இக்கால மெற்றிக்குக் கார்களில் வழங்குவதோ 10 மில்லிமீற்றர் விட்டமும் 1 மில்லிமீற்றர் புரியிடைவெளியும் உடையது. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே போலத் தோன்றும். அங்குலத் திருகாணி மெற்றிக்குத் துளையினுள்ளே தளர்வாக நுழையும், சற்று இறுகவுஞ் செய்யும். ஆனால் விரைந்து நிறுத்தும்போது குழாயினுள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 1,000 இறாத்தல் அளவுக்கும் உயரக்கூடும். அவ்வேளையில் அந்த அரைகுறைப் பிடி பறிந்துபோகலாம். புதிய நெகிழ்குழாயோ சிலிண்டரோ வாங்குவோர் அதன் புரியைப் புரிமானியால் அளந்தே பூட்டுதல் வேண்டும். கைவிரலாற் சுழற்றும்போது இறுதிவரை இலகுவாகச் செல்லாத திருகாணியைச் சாவியால் வலிந்து முறுக்குதல் தகாது. ஆடிக்கொண்டு செல்வதையும் நம்புதல் ஆகாது.

அடுத்தது இரப்பர். பழைய கார் அன்பர்கள், தொழிற்சாலை இயங்கிய காலத்தில் அடைக்கப்பட்டு இன்றுவரை திறவாத பெட்டிகளைப் புதையலெனப் போற்றுவர். உலோக உறுப்புகளுக்கு இப்போற்றுதல் தகும். நன்கு பேணப்பட்ட பழைய வார்ப்பிரும்பு இன்றைய மலிவான போலிகளிலும் பார்க்க மேலானதாக இருத்தல் கூடும். இரப்பருக்கோ இது பொருந்தாது. பயன்படுத்தாமலே வைத்திருந்தாலும் இரப்பர் ஆண்டுகளோடு இறுகும், வெடிக்கும். பழைய நெகிழ்குழாய் வெளியே வழவழப்பாக இருந்து உள்ளே வீங்கித் துவாரம் அடைபட்டிருக்கலாம். அப்போது மிதியின் வலுவால் உட்சென்ற திரவம் திரும்பி வரமாட்டாது. மிதியை விட்டபின்னும் சில்லுப் பிடிபட்டே நிற்கும். ஆகவே இரும்பிற் பழையதைத் தேடுவோரும் இரப்பரிற் புதியதையே தேடுதல் வேண்டும்.

இரப்பரோடு பிரியாத உறவுடையது திரவம். இதனைப் பிறேக் ஒயில் என்று எங்கும் வழங்குகின்றனர். அப்பெயரே பல கேடுகளுக்கு மூலம். இத்தகைய கார்களில் ஊற்றப்படுவது எண்ணெயன்று. கிளைக்கோல் என்னும் இனத்தைச் சேர்ந்த இரசாயனத் திரவம். பெயரை நம்பி எஞ்சின் எண்ணெயையேனும் வேறு கனிய எண்ணெயையேனும் சிறிது ஊற்றினாலும் உள்ளேயுள்ள இரப்பர் முழுவதும் ஊதிப் பருத்துக் கெடும். பின்னர் எல்லா இரப்பரையும் மாற்றுவதன்றி வேறு பரிகாரம் இல்லை.

கிளைக்கோல் திரவத்துக்கும் ஒரு குறையுண்டு. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டொட் 4 என்னும் தரமுடைய புதிய திரவம் 230 பாகை செல்சியசுக்குக் குறையாத வெப்பத்திலேயே கொதிக்க வேண்டும் என்பது விதி. அதே திரவம் 3.7 சதவீதம் நீரை உறிஞ்சியபின், கொதிநிலைக்கு விதிக்கப்பட்ட கீழெல்லை 155 பாகையே. திரவம் கொதித்தால் ஆவி உண்டாகும். திரவத்தை நெருக்க இயலாது, ஆவியை நெருக்கலாம். ஆகவே மலையிறக்கத்தின் நடுவே மிதி தரைவரை அமிழும், வண்டியோ நில்லாது. இதனாலேயே இரண்டு ஆண்டுக்கொருமுறை திரவத்தை மாற்றும்படி கூறுகின்றனர். டொட் 5 என்பது சிலிக்கோன் இனம். அது ஈரத்தை உறிஞ்சாது, வண்டியின் பூச்சையுங் கெடுக்காது. ஆனால் கிளைக்கோல் திரவத்தோடு கலத்தலாகாது. டொட் 5.1 என்பதோ பெயரில் அதன் தம்பி போல ஒலித்தாலும் கிளைக்கோல் இனத்தையே சேர்ந்தது. போத்தலின் இலக்கத்தை முழுமையாகப் படியாதவர் இங்கு ஏமாறுவர்.

இனி எஞ்சியிருப்பது உராயும் பட்டை. கராஜ்களில் லைனர் என்று கூறப்படுவது இதுவே. பழைய காலப் பட்டைகளில் அஸ்பெஸ்ரசு கலந்திருந்தது. அதன் நுண்ணிய தூள் நுரையீரலிற் படிந்து கொடிய நோய்களை விளைவிக்கும். பிரித்தானியாவில் எஞ்சியிருந்த வெள்ளை அஸ்பெஸ்ரசின் பயன்பாடும் 1999 இல் தடைசெய்யப்பட்டது. ஆதலால் பழைய பெட்டியிலிருந்த “அசல்” பட்டையைத் தேடிப் பூட்டுதல் தகாது. பழைய டிறமைக் கழற்றும்போது அதிலுள்ள தூளை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதுதலும் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை மூடிக் கட்டி அகற்றுதல் வேண்டும்.

புதிய பட்டைகளிலும் தெரிவு தேவை. இக்காலக் கார்களில் மிதியின் விசையைப் பெருக்கும் துணைக்கருவி உண்டு, எம். ஜி. ஏ. காரில் அது இல்லை. அத்துணையை எதிர்பார்த்துச் செய்த கடினமான பட்டையை இங்கே பூட்டினால், கால் வலிக்க மிதித்தாலும் பிடி போதாது. அமெரிக்க முறைப்படி பல பட்டைகளின் ஓரத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். முதலெழுத்துச் சாதாரண வெப்பத்திலும் இரண்டாம் எழுத்து மிகு வெப்பத்திலும் உள்ள உராய்வுக் குணகத்தைக் குறிக்கும். ஈ என்றால் 0.25 இற்கு மேல் 0.35 வரை, எப் என்றால் 0.35 இற்கு மேல் 0.45 வரை. விலையைக் கேட்குமுன் இவ்வெழுத்தைப் பார்ப்பவர் அறிவாளி.

இத்தகைய உறுப்புகள் எங்கே கிடைக்கும்? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் எம். ஜி. கார்களுக்கென்றே உறுப்பு விற்கும் வணிகர் உளர். 1930 இல் தொடங்கிய எம். ஜி. கார்க் கழகம் போன்ற சங்கங்களில், எந்த வணிகரின் பொருள் நன்று என்பதை அநுபவத்தால் அறிந்தோர் உளர். பெட்டியின்மேற் பழைய பெயர் அச்சிடப்பட்டிருப்பது மட்டும் அத்தாட்சியாகாது. பெயர் கைமாறும், பொருளின் தரம் உடன் கைமாறும் என்பதில்லை. விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கலாம். இதனைச் செய்தவர் யார்? உட்துளையின் விட்டமும் புரியும் யாவை? உள்ளேயுள்ள இரப்பர் எந்தத் திரவத்துக்கு உரியது? இம்மூன்றுக்கும் தெளிவாக விடையளிப்பவரிடமே வாங்குதல் நன்று.

புதியது கிடையாதவிடத்துப் பழையதையே திருத்தலாம். தேய்ந்த சிலிண்டரின் துளையைப் பெருப்பித்து, துருப்பிடியாத உருக்கினாலோ பித்தளையினாலோ செய்த உட்குழலைச் செலுத்திப் பழைய அளவுக்குக் கொணர்வோர் உளர். சூவின் இரும்பு நன்றாக இருந்தால் புதிய பட்டையை அதன்மேல் ஒட்டுவிக்கலாம். இதனாற் பெறப்படும் விதி ஒன்றுண்டு. கழற்றிய பழைய உறுப்பை, புதியது பூட்டிச் சோதித்து முடியும்வரை, எறிதல் ஆகாது. துருவேறிக் கிடந்தாலும் அதுவே மிகச் சிறந்த அளவுகோல்.

பூட்டியபின் சோதனை. குழாய்களிலுள்ள காற்றை முழுவதும் வெளியேற்றியபின், வண்டியை நிறுத்திவைத்தபடியே மிதியை வலுவாக அழுத்திச் சிறிது நேரம் பிடித்தல் வேண்டும். மிதி மெல்ல அமிழ்ந்தால் எங்கோ கசிவு உண்டு. மற்றொருவர் ஒவ்வொரு பொருத்தையும் விளக்கொளியிற் பார்த்து வருதல் வேண்டும். அதன் பின்னரே சமதரையில், ஆளற்ற இடத்தில், மெதுவான ஓட்டத்தில் முதற் பரீட்சை.

இவை யாவும் ஏதோ தூரதேசத்துச் செல்வர் விளையாட்டு என்று இலங்கை நேயர்கள் எண்ண வேண்டியதில்லை. இந்நாட்டு வீதிகளில் இன்றும் காணப்படும் மொறிஸ் மைனர் கார்களும் எம். ஜி. ஏ. காரின் உறவினவே. அவற்றிலும் உள்ளவை லொக்கீட் டிறம் பிறேக்குகளே. அவற்றுக்கும் காப்பு ஒரே சுற்றுத்தான். தந்தை ஓட்டிய மொறிஸ் மைனரை மகன் பேணி வைத்திருக்கும் வீடுகளில் இச்செய்தி நாளைக்கே பயன்படக்கூடும். கராஜுக்குச் செல்லும்போது, “ஏதாவது பொருந்துவதைப் போட்டு விடுங்கள்” என்று கூறாமல், பழைய உறுப்பைக் கையிலெடுத்து அளவைக் கேட்டு, பெட்டியைப் படித்து, திரவத்தின் இலக்கத்தைப் பார்த்து வாங்குதல் வேண்டும். அதற்குச் செலவாவது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தைச் செலவிட மனமில்லாதவர், அவ்வண்டியைக் கொட்டகையிலே துடைத்து வைத்து அழகு பார்த்தல் நன்று; வீதிக்குக் கொண்டு வருதல் நன்றன்று.